டென்ஷன் தலைவலி, கழுத்துப் பிடிப்பு: வீட்டிலேயே உடலைத் தளர்த்துவது எப்படி?

மதியம் தாண்டினால் தலையைச் சுற்றிப் பட்டை கட்டி இறுக்கியதுபோல் வலி வருகிறது, பிடரியும் தோள்பட்டையும் இறுகிவிடுகின்றன, மாத்திரை போட்டால் அடங்கி இரண்டு நாளில் திரும்பவும் வருகிறது, வீட்டிலேயே உடலைத் தளர்த்தி இதைக் குறைக்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு. ஆனால் வலி வந்த பிறகு செய்வதைவிட வலி இல்லாத நாட்களில் செய்வதுதான் அதிகப் பலன் தரும். இதைப் பலரும் சொல்வதில்லை. "ரிலாக்ஸாக இருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள், எப்படி என்று காட்டித் தருவதில்லை. கழுத்து, தோள் வலிக்குப் பயிற்சி கற்றுத் தருவது என் வேலை. அதனால் அந்த "எப்படி"யைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் இது அந்த வகைத் தலைவலிதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டென்ஷன் தலைவலி பெரும்பாலும் தலையின் இரண்டு பக்கமும் இருக்கும். அழுத்தும், இறுக்கும், ஆனால் விண்விண்ணென்று தெறிக்காது. வேலையை மந்தமாக்கும், படுக்கையில் தள்ளாது. மாடிப்படி ஏறினாலோ நடந்தாலோ அதிகமாகாது. வாந்தி வராது. அரை மணி நேரத்தில் போய்விடவும் செய்யும், 7 நாள் வரை நீளவும் செய்யும். ஒரு பக்கமாகத் தெறித்து, குமட்டலோடு, வெளிச்சமும் சத்தமும் தாங்காமல் இருட்டறையைத் தேட வைக்கிற வலி என்றால் அது மைக்ரேனாக இருக்க வாய்ப்பு அதிகம். மைக்ரேன் வரும்போதும் கழுத்து பிடித்துக்கொள்ளும் என்பதால் கழுத்துவலியை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒருவருக்கே இரண்டும் வருவதும் உண்டு.

அடுத்ததாக, வீட்டு வைத்தியமே கூடாத நிலைமைகள். ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொடுகிற, இதுவரை கண்டிராத கடும் தலைவலி. காய்ச்சலோடு கழுத்தைக் குனிய முடியாமல் விறைத்துப்போவது. பேச்சு குழறுவது, முகம் கோணுவது, ஒரு பக்கக் கை கால் வலுவிழப்பது, பார்வை போவது அல்லது எல்லாம் இரண்டாகத் தெரிவது, மனக்குழப்பம், வலிப்பு. தலையிலோ கழுத்திலோ அடிபட்ட பிறகு தொடங்கிய வலி. இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். 50 வயதுக்கு மேல் புதிதாகத் தலைவலி தொடங்கி, நெற்றிப்பொட்டைத் தொட்டால் வலித்து, மெல்லும்போது தாடையும் வலித்தால் அதையும் தள்ளிப்போடக் கூடாது. அது ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம், கவனிக்காமல் விட்டால் பார்வையே போகலாம். நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும் வலி, இருமினாலோ படுத்தாலோ கூடும் வலி, கர்ப்ப காலத்தில் புதிதாக வரும் வலி, கழுத்துவலியோடு கை மரத்துப்போவது, பிடி தளர்வது, நடை தடுமாறுவது ஆகியவற்றையும் முதலில் மருத்துவர்தான் பார்க்க வேண்டும்.

இவை எதுவும் இல்லையா? சரி, விஷயத்துக்கு வருவோம்.

பிடரி இறுகினால் நெற்றி ஏன் வலிக்கிறது என்பது நியாயமான சந்தேகம். கழுத்தின் மேல்பகுதியிலிருந்து வருகிற முதல் மூன்று நரம்புகளும், நெற்றிக்கும் முகத்துக்கும் உணர்ச்சி தருகிற டிரைஜெமினல் நரம்பும் மூளைத்தண்டின் அடிப்பகுதியில் ஒரே இடத்துக்கு வந்து சேர்கின்றன. அங்கே வந்து சேரும் வலிச்செய்தி எங்கிருந்து புறப்பட்டது என்று மூளையால் துல்லியமாகப் பிரித்தறிய முடிவதில்லை. அதனால் மண்டையோடு கழுத்தோடு சேருகிற இடத்தில் உள்ள சின்னச் சின்னத் தசைகளில் பிரச்சினை இருந்தாலும், வலி கண்ணுக்குப் பின்னாலோ நெற்றியிலோ தெரியும்.

இன்னொன்றும் உண்டு. தசை இறுகுவதுதான் இந்தத் தலைவலிக்கு முழுக் காரணம் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். தசையின் மின்னோட்டத்தை அளந்து பார்த்தபோது, வலி உள்ள எல்லோருக்கும் தசை கூடுதலாக இறுகியிருக்கவில்லை. ஆனால் நெற்றிப்பொட்டு, தாடை, பிடரி, தோள்பட்டைத் தசைகளை விரலால் அழுத்தினால் அவர்களில் பலருக்கு வலிக்கிறது. அடிக்கடி வலி வந்து வந்து, வலியை வாங்குகிற நரம்பு மண்டலமே கூர்மையாகிவிடுகிறது. பிறகு சாதாரண அழுத்தத்தைக்கூட அது வலியாக எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் கழுத்தை மட்டும் இழுத்துப் பிடித்துப் பயிற்சி செய்தால் பலன் பாதியில் நின்றுவிடுகிறது. நரம்பு மண்டலத்தையும் சேர்த்து அமைதிப்படுத்த வேண்டும்.

இதற்கு எனக்குத் தெரிந்தவரை மிக நல்ல வழி, தசையை வேண்டுமென்றே இறுக்கித் தளர்த்துவது. எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1920-களில் இதை உருவாக்கினார். அவர் கவனித்தது இதுதான்: தம் தசைகள் இறுகியிருப்பதே பெரும்பாலானவர்களுக்குத் தெரிவதில்லை. இறுக்கம் பழகிப்போய் அதுவே இயல்பு நிலை என்று தோன்றிவிடுகிறது. தெரியாத ஒன்றை எப்படி விட முடியும்? அதனால் முதலில் இறுக்கத்தை உணர வைத்து, பிறகு விடச் சொன்னார். அவருடைய முறையைக் கற்கப் பல மாதம் பிடிக்கும். 1973-இல் பெர்ன்ஸ்டைன், போர்கோவெக் என்ற இரண்டு உளவியலாளர்கள் உடலை 16 தசைக் குழுக்களாகப் பிரித்து அதைச் சுருக்கினார்கள். இன்று பெரும்பாலும் கற்றுத் தரப்படுவது அந்தச் சுருக்க வடிவம்தான்.

செய்யும் முறை இது. போனைத் தள்ளி வைத்துவிட்டு 15 முதல் 20 நிமிடம் ஒதுக்குங்கள். மல்லாந்து படுக்கலாம், அல்லது தலைக்கும் கைக்கும் தாங்கல் உள்ள நாற்காலியில் சாயலாம். வலது கையை முஷ்டியாக மூடி 5 முதல் 7 வினாடி இறுக்குங்கள். முழு பலமும் வேண்டாம், பாதி போதும். இறுக்கும்போது அது எங்கே தெரிகிறது என்று கவனியுங்கள்: விரல்களிலா, மணிக்கட்டிலா, முன்கையிலா? பிறகு சட்டென்று விட்டுவிடுங்கள். மெதுவாக விடுவதைவிட ஒரேயடியாக விடுவது நல்லது, அப்போதுதான் வித்தியாசம் தெரியும். அடுத்த 20, 30 வினாடிக்கு ஒன்றும் செய்யாமல், தளர்ந்துபோன கை எப்படி இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். இந்த 30 வினாடிதான் பயிற்சியின் உயிர். பலரும் இதை அவசரமாகத் தாண்டி அடுத்த தசைக்கு ஓடிவிடுகிறார்கள்.

இதே போல் இடது கை, இரண்டு மேற்கைகள். அப்புறம் முகம்: புருவத்தை உயர்த்தி நெற்றியைச் சுருக்கி விடுங்கள், கண்ணை இறுக மூடி விடுங்கள், பல்லை மெல்லக் கடித்து விடுங்கள். கழுத்துக்கு வரும்போது பின்தலையைத் தலையணையில் லேசாக அழுத்தி விட்டால் போதும். இங்கே பலத்தைக் காட்டினால் வலி கூடிவிடும், கால் பங்கு பலமே அதிகம். தோள்களைக் காதுவரை தூக்கி விடுங்கள். பிறகு முதுகின் மேல்பகுதி, வயிறு, தொடை, கெண்டைக்கால், பாதம். வலி உள்ள இடத்தை இறுக்கும்போது வலித்தால் இறுக்கவே வேண்டாம், தளர்த்துவதை மட்டும் செய்யுங்கள்.

தலைவலிக்குக் கையையும் காலையும் ஏன் இறுக்க வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள். கையில்தான் இறுக்கமும் தளர்வும் எளிதாகப் புரிபடும். அங்கே கற்றுக்கொண்ட உணர்வை நெற்றிக்கும் தாடைக்கும் கொண்டுபோவது சுலபம். நேரடியாக நெற்றியில் ஆரம்பித்தால் பலருக்கு ஒன்றும் பிடிபடுவதில்லை.

முதல் இரண்டு வாரம் தினமும் முழுதாகச் செய்யுங்கள். பிறகு சுருக்கலாம்: இரண்டு கையும் சேர்த்து ஒன்று, முகமும் கழுத்தும் தோளும் சேர்த்து ஒன்று, உடல் நடுப்பகுதி ஒன்று, கால் ஒன்று. கடைசிக் கட்டத்தில் இறுக்குவதையே விட்டுவிட்டு, மூச்சை வெளியே விடும்போது மனதுக்குள் "தளர்" என்று சொல்லி, உடனே தோளையும் தாடையையும் விடப் பழகுங்கள். ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஊஸ்ட் 1980-களில் வகுத்துத் தந்த முறையும் இந்த வழியில்தான் போகிறது: படுத்துச் செய்கிற நீண்ட பயிற்சியைப் படிப்படியாகக் குறைத்து, வேலைக்கு நடுவே அரை நிமிடத்தில் தளர முடிகிற நிலைக்குக் கொண்டுவருவது. தலைவலி உள்ளவருக்கு உண்மையில் தேவைப்படுவது அந்த அரை நிமிடம்தான். தோள் காதுப்பக்கம் ஏறுவதை மதியம் 12 மணிக்கே கவனித்து இறக்கிவிட்டால், 4 மணி வலி பல நாட்களில் வராமலே போகிறது.

இறுக்கித் தளர்த்துவது ஒத்துவராதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஜெர்மன் மருத்துவர் யோஹானஸ் ஷுல்ட்ஸ் 1932-இல் வெளியிட்ட முறை பொருந்தலாம். அதில் எதையும் இறுக்குவதில்லை. "என் வலது கை கனமாக இருக்கிறது", "என் கை வெதுவெதுப்பாக இருக்கிறது" என்று மனதுக்குள் மெதுவாகச் சொல்லிக்கொண்டு, அந்த உணர்வு தானாக வரும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டில் எது பிடிக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். நாலைந்து முறைகளைக் கலந்து செய்வதைவிட ஒன்றை ஒழுங்காகச் செய்வது மேல்.

மூச்சைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மன அழுத்தத்தில் இருக்கும்போது பலர் மேல்மார்பால் மூச்சு விடுகிறார்கள். அப்படி விடும்போது கழுத்தின் பக்கவாட்டுத் தசைகள் ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்பைத் தூக்க உதவுகின்றன. நாள் முழுக்க அந்த வேலை செய்தால் கழுத்து களைத்துத்தான் போகும். ஒரு கையை மார்பிலும் மற்றொன்றை வயிற்றிலும் வைத்துக்கொண்டு, வயிற்றுக் கை மட்டும் உயரும்படி மூக்கால் 4 வினாடி உள்ளே இழுத்து, 6 வினாடி வெளியே விடுங்கள். நிமிடத்துக்கு 6 மூச்சு வரும். வெளிமூச்சு நீளமாக இருப்பதுதான் முக்கியம், அப்போது இதயத்துடிப்பு சற்று மெதுவாகும். தலை சுற்றினால் நீங்கள் அளவுக்கு மீறி ஆழமாக இழுக்கிறீர்கள் என்று அர்த்தம். இயல்பான அளவுக்குத் திரும்பிவிடுங்கள். 5 நிமிடம் போதும்.

இனி கழுத்து. தலையின் எடை சுமார் 5 கிலோ. அது முதுகெலும்புக்கு நேர்மேலே இருக்கும்வரை சுமப்பது எளிது. திரையைப் பார்த்து முன்னால் நீண்டுவிட்டால் பிடரித் தசைகள் அதை விடாமல் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும். சாய்வு கூடக்கூடப் பாரமும் பல மடங்காகும். ஆனாலும் "நிமிர்ந்தே உட்கார வேண்டும்" என்று விறைப்பாக இருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எந்த நிலையிலும் நீண்ட நேரம் அசையாமல் இருப்பதுதான் கெடுதல். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து தோளை உருட்டிவிட்டு வந்து உட்காருங்கள். திரையின் மேல்விளிம்பு கண்ணுக்கு நேராக இருக்கட்டும். மடிக்கணினி என்றால் அதை உயர்த்தி வைத்துத் தனி விசைப்பலகை வைத்துக்கொள்வது உதவும்.

பயிற்சிக்கு முன் பிடரிக்கும் தோளுக்கும் 15 நிமிடம் வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். தோல் சிவந்து எரிகிற சூடு வேண்டாம், துணியில் சுற்றி இதமாக இருந்தால் போதும். நெற்றிக்குச் சிலருக்குக் குளிர்ந்த துணிதான் பிடிக்கும். இதில் கட்டாய விதி எதுவும் இல்லை, உங்களுக்கு எது இதமோ அதுதான் சரி.

ஒத்தடத்துக்குப் பிறகு, நேராகப் பார்த்தபடி தலையைத் தாழ்த்தாமல் முகவாயை மட்டும் பின்னால் தள்ளுங்கள், இரட்டைத் தாடை வருவதுபோல். 5 வினாடி நிறுத்தி விடுங்கள். 8, 10 தடவை போதும். மண்டையோட்டின் அடியில் லேசாக இழுப்பது தெரியும். நீங்கள் நீட்ட நினைக்கும் சின்னத் தசைகள் அங்கேதான் இருக்கின்றன. பிறகு வலது காதை வலது தோள்பக்கம் சாய்த்து, இடது தோள் தூக்காமல் 20, 30 வினாடி நிறுத்துங்கள், அப்புறம் மறுபக்கம். தலையைக் கையால் பிடித்து இழுக்க வேண்டாம், கையின் எடையே போதும். மூன்றாவதாக, இரண்டு தோள்பட்டை எலும்புகளையும் பின்னால் சேர்த்து 5 வினாடி பிடித்து விடுங்கள். சின்னப் பயிற்சிதான், ஆனால் தோள்பட்டைக்கு வலு சேர்ந்தால்தான் கழுத்தின் சுமை குறையும். நீட்டுவதோடு நிறுத்திக்கொள்பவர்களுக்கு வலி சீக்கிரம் திரும்பிவிடுகிறது.

இன்னொரு நல்ல வழி இரண்டு டென்னிஸ் பந்துகள். ஒரு சாக்ஸுக்குள் இரண்டையும் போட்டு முடிச்சிட்டு, மல்லாந்து படுத்து, மண்டையோட்டுக்குச் சற்றுக் கீழே, முதுகெலும்புக்கு இருபுறமும் பந்து வரும்படி வைத்துத் தலையின் எடையை மெதுவாக அதில் விடுங்கள். 2 முதல் 5 நிமிடம். "ஆமாம்" என்பதுபோல் மிகச் சின்னதாகத் தலையை ஆட்டலாம். எலும்புத் தேய்மான நோய், முடக்குவாதம், சமீபத்தில் கழுத்தில் அடி ஆகியவை இருந்தால் இதைச் செய்ய வேண்டாம்.

கழுத்தில் நெட்டி முறிப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள், அடுத்தவரை விட்டு முறிக்கச் சொல்வதையும். கழுத்துக்குள் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் ஓடுகின்றன. சடாரென்று திருப்பும்போது அவற்றின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வருவது அரிது. ஆனால் வந்தால் மீள்வது கடினம். கழுத்துப் பட்டையையும் நீங்களாகவே வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டாம், நாட்கணக்கில் போட்டால் தசை வலுவிழக்கும்.

தாடையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். இந்த வரியைப் படிக்கும்போது உங்கள் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒட்டியிருக்கின்றனவா? மெல்லாதபோது, விழுங்காதபோது அவை ஒட்டவே கூடாது. உதடு சேர்ந்திருக்கட்டும், பற்கள் விலகியிருக்கட்டும், நாக்கின் நுனி மேல் முன்பற்களுக்குப் பின்னால் லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கட்டும். நெற்றிப்பொட்டில் இருக்கிற விசிறித் தசை தாடையை மூடுகிற தசைதான். பல்லைக் கடித்தபடியே வேலை செய்தால் மாலையில் நெற்றிப்பொட்டு வலிப்பது இதனால்தான். நாலைந்து இடங்களில் சின்ன வண்ண ஸ்டிக்கர் ஒட்டி, அதைப் பார்க்கும்போதெல்லாம் தாடையையும் தோளையும் சரிபாருங்கள். காலையில் எழும்போதே தாடையும் தலையும் வலித்தால் தூக்கத்தில் பல்லை அரைக்கிறீர்களா என்று பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வலி ஏற்கெனவே தொடங்கிவிட்ட நேரத்தில் இவ்வளவும் செய்ய முடியாது. ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள், சாப்பிடாமல் இருந்தால் ஏதாவது சாப்பிடுங்கள். வெளிச்சம் குறைந்த இடத்தில் பிடரிக்கு ஒத்தடம் வைத்துக்கொண்டு 5 நிமிடம் அந்த நீண்ட வெளிமூச்சு. பிறகு விரல்நுனியால் நெற்றிப்பொட்டு, தாடைமூலை, மண்டையோட்டின் அடிவிளிம்பு ஆகிய இடங்களில் மெதுவாக வட்டமாகத் தேயுங்கள். அழுத்தினால் "வலிக்கிறது, ஆனால் இதமாக இருக்கிறது" என்ற அளவைத் தாண்ட வேண்டாம். பழகியவர்களுக்கு 20 நிமிடத்தில் வலி ஓரளவு இறங்கும். பயிற்சியே இல்லாமல் வலி உச்சத்தில் இருக்கும்போது முதல்முறையாக முயன்றால் பெரும்பாலும் எரிச்சல்தான் மிஞ்சும்.

மாத்திரை போடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எப்போதாவது பாராசிட்டமாலோ இபுப்ரோஃபெனோ போடுவது பெரும்பாலானோருக்குச் சரிதான், வயிற்றுப்புண், சிறுநீரக, கல்லீரல் பிரச்சினை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மட்டும் கேட்டுவிட்டுப் போட வேண்டும். ஆனால் இத்தகைய சாதாரண வலி மாத்திரைகளை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டால் அந்த மாத்திரையே தலைவலியைத் தினமும் வரவழைக்கத் தொடங்கும். காஃபீனோ கோடீனோ கலந்த கூட்டு மாத்திரைகளுக்கு 10 நாளே எல்லை. நீங்கள் "இரண்டு நாளில் திரும்புகிறது" என்று எழுதியிருப்பதால் உங்கள் எண்ணிக்கை அந்த எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறதோ என்று எனக்குக் கவலை. எல்லையைத் தாண்டியிருந்தால் மருத்துவர் துணையோடு குறைக்க வேண்டும். முதல் சில நாட்கள் வலி கூடும் என்பதால் தனியாக முயன்றால் பாதியில் விட்டுவிடத் தோன்றும்.

காபி, டீ விஷயத்தில் அளவைவிட ஒழுங்குதான் முக்கியம். தினமும் குடிப்பவர் ஒருநாள் நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி வரும். வாரநாளில் அதிகம் குடித்து விடுமுறையில் குடிக்காதவர்களுக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமைத் தலைவலி பெரும்பாலும் இதுதான். குறைப்பதென்றால் சில வாரங்களில் படிப்படியாகக் குறையுங்கள். தூக்கத்துக்கும் இதே விதி: படுக்கும் நேரமும் எழும் நேரமும் தினமும் மாறாமல் இருக்கட்டும். குப்புறப் படுத்தால் கழுத்து இரவெல்லாம் ஒரு பக்கம் திரும்பியே இருக்கும். மல்லாந்தோ ஒருக்களித்தோ படுத்து, தலை உடலுக்கு நேராக இருக்கிற உயரத்தில் தலையணை வையுங்கள்.

பலன் எப்போது தெரியும்? தினமும் செய்தால் 4 முதல் 8 வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வலி நாட்களின் எண்ணிக்கை குறையாது. வலி வருவதற்கு முன்பே இறுக்கம் தெரியத் தொடங்கும், அதுதான் முதல் அறிகுறி. பிறகு வலியின் நீளம் குறையும், அதற்குப் பிறகுதான் எண்ணிக்கை. இதைத் தெரிந்துகொள்ள ஒரு சின்னக் குறிப்பேடு வேண்டும்: தேதி, வலி எத்தனை மணிக்கு வந்தது, பத்துக்கு எவ்வளவு, மாத்திரை போட்டீர்களா, முந்தைய இரவு எப்படித் தூங்கினீர்கள். ஒரு நாளைக்கு ஒரு வரி போதும்.

இரண்டு மாதம் முயன்றும் மாதத்தில் பாதி நாட்களுக்கு வலி இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். நாள்பட்ட டென்ஷன் தலைவலிக்கு இரவில் குறைந்த அளவில் தரப்படும் அமிட்ரிப்டைலின் போன்ற தடுப்பு மருந்துகள் உண்டு. அது மனச்சோர்வுக்கும் தருகிற மருந்து என்பதால் உங்களை "மனநோய்" என்று சொல்வதாக நினைத்துப் பலர் மறுத்துவிடுகிறார்கள். இங்கே அது தரப்படுவது கூர்மையாகிப்போன வலி நரம்புகளை அமைதிப்படுத்தத்தான். அதைச் சாப்பிடும்போதும் மேலே சொன்ன பயிற்சியைத் தொடரலாம், இரண்டும் சேர்ந்தால் பலன் கூடும். போகும்போது அந்தக் குறிப்பேட்டைக் கையோடு கொண்டுபோங்கள். மாதத்தில் எத்தனை நாள் வலி, எத்தனை நாள் மாத்திரை என்பதைத்தான் அவர் முதலில் கேட்பார்.